தங்கம் காட்டும் தடம்: உயிருக்குள் ஓடும் நீரை எக்ஸ்ரேயில் அளப்பது

வெள்ளைச் சாமந்தியின் காம்பை வெட்டி நீலச் சாயம் கலந்த தண்ணீரில் நிறுத்தி வைத்தால், சில மணி நேரத்தில் இதழோரம் நீலம் பூக்கும். காசித்தும்பைத் தண்டைச் சிவப்புச் சாயத்தில் வைத்துச் செய்வதும் இதே சோதனைதான். பள்ளியில் செய்யாதவர்கள் குறைவு. தண்டைக் குறுக்கே நறுக்கினால் சாயம் ஏறிய புள்ளிகள் தெரியும், தண்ணீர் எந்த வழியாகப் போனது என்று புரியும். ஆனால் என்ன வேகத்தில் போனது, குழாயின் நடுவில் எவ்வளவு, ஓரத்தில் எவ்வளவு, இடையில் நின்று போனதா என்ற கேள்விகளுக்கு அந்தப் புள்ளிகளிடம் பதில் இல்லை. நறுக்கிய கணத்திலேயே ஓட்டம் நின்றுவிடுகிறது.

நறுக்காமல் பார்க்க வேண்டுமென்றால் உடலை ஊடுருவும் ஒளி வேண்டும். எக்ஸ்ரே ஊடுருவும். ஆனால் எக்ஸ்ரேக்குத் தண்டின் சதையும் ஒன்று, அதற்குள் ஓடும் தண்ணீரும் ஒன்று. காற்று மட்டும் தனித்துத் தெரியும். 2003இல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகச் சின்க்ரோட்ரானில் (எலக்ட்ரான்களை வட்டமாக ஓடவிட்டுச் செறிந்த எக்ஸ்ரே பெறும் பெரிய கருவி) வண்டு, எறும்பு போன்ற பூச்சிகளின் மூச்சுக்குழாய்கள் உயிரோடு சுருங்கி விரிவதைப் படமெடுக்க முடிந்தது குழாய்க்குள் காற்று இருந்ததால்தான். அதே பூச்சியின் ரத்தம் அந்தப் படங்களில் கண்ணுக்குப் படாது. தண்ணீரோடு தண்ணீராகப் போய், எக்ஸ்ரேக்கு மட்டும் தன்னைக் காட்டிக்கொள்ளும் ஒரு பொருளை உள்ளே விட வேண்டும். அதைத்தான் டிரேசர் என்கிறோம்.

டிரேசரிடம் நாம் கேட்பது இரண்டு. நன்றாகத் தெரிய வேண்டும். நீர் போகும் வேகத்தில், நீர் போகும் வழியில் மட்டும் போக வேண்டும். இந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. தெரிய வேண்டுமானால் கனமும் பருமனும் வேண்டும். கனமும் பருமனும் கூடினால் துகள் நீரை விட்டு விலகித் தன் வழியில் போகும். இந்தத் துறையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை, முதல் தேவைக்காக இரண்டாவதை மறந்ததால் வருபவை.

முதலில் தெரிவதைப் பற்றி. 15 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஒரு கிராம் தண்ணீரின் தணிப்புக் கெழு, அதாவது கதிரைத் தடுக்கும் அளவு, சுமார் 1.7 சதுர சென்டிமீட்டர். தங்கத்துக்கு அது 164. அடர்த்தியிலும் தங்கம் தண்ணீரைப்போல் 19 மடங்கு. ஆகவே பருமனுக்குப் பருமன் தங்கம் கிட்டத்தட்ட 1,900 மடங்கு கதிரை விழுங்குகிறது. தங்கத்தின் எல்-விளிம்புகள், அதாவது கதிரை விழுங்குவது சட்டென்று எகிறும் ஆற்றல்கள், 11.9, 13.7, 14.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் இருக்கின்றன. மூன்றையும் தாண்டி உடனே நிற்பது 15. அதனால்தான் தங்கத்தை வைத்து வேலை செய்பவர்கள் அந்த ஆற்றலை விரும்புகிறார்கள். 20க்குப் போனால் தங்கத்தின் கெழு 79ஆகப் பாதியாகிவிடும். வெள்ளிக்கு இதுபோன்ற எகிறல், கே-விளிம்பு, 25.5இல் இருக்கிறது. தடித்த மாதிரிகளுக்கு அது வசதிதான், ஆனால் வெள்ளி அயனியாகக் கரைந்து உயிரணுக்களைத் தாக்கும். புண்ணில் கிருமியைக் கொல்லும் அதே குணம் இங்கே உபத்திரவம். டங்ஸ்டன் கனத்தில் தங்கத்துக்கு ஈடு, விலையும் மலிவு, ஆனால் மேற்பரப்பு ஆக்சைடாகிக் கரையும். விலையை மீறித் தங்கம் நிற்பதற்குக் காரணம் அதன் வேதி அமைதி. மேலும், கந்தகம் முனையில் உள்ள எந்த மூலக்கூறும் அதன்மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும் என்பதால் நமக்கு வேண்டிய பூச்சைப் பூசலாம்.

இப்போது ஒரு கணக்கு. கேமராவின் ஒரு பிக்சல், லென்ஸைக் கடந்து மாதிரியின்மேல் 0.65 மைக்ரோமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். 6.5 மைக்ரோமீட்டர் பிக்சலும் 10 மடங்கு லென்ஸும் இருந்தால் இதுதான் வரும். 100 நானோமீட்டர் தங்கக் குண்டு ஒன்று அந்தப் பிக்சலில் உட்கார்ந்தால் மறைக்கும் ஒளி 0.04 சதவீதம். 20 நானோமீட்டர் என்றால் அதிலும் 125இல் ஒரு பங்கு. பிக்சலுக்கு 1,000 ஃபோட்டான் வந்தால் எண்ணிக்கை இரைச்சலே 3 சதவீதம். ஆக, தனித்தனி நானோ துகளை இந்த வகைப் படத்தில் யாரும் பார்ப்பதில்லை. "நானோ துகளைப் பின்தொடர்ந்தோம்" என்று யாராவது சொன்னால், திரளைப் பின்தொடர்ந்தார்களா, செறிந்த கரைசலின் முனையைப் பின்தொடர்ந்தார்களா என்று கேட்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

அப்படியானால் ஒரு மைக்ரோமீட்டர் தங்கக் குண்டையே விட்டால் என்ன? நடுவில் 27 சதவீதம் ஒளியை மறைக்கும், அழகாகத் தெரியும். ஆனால் தண்ணீரில் அது வினாடிக்கு 10 மைக்ரோமீட்டர் வேகத்தில் மூழ்கும். 20 நானோமீட்டர் துகள் மூழ்குவது வினாடிக்கு 4 நானோமீட்டர், அதாவது நாளெல்லாம் விட்டாலும் அரை மில்லிமீட்டர்கூட இறங்காது. மூழ்கும் வேகம் விட்டத்தின் இருமடியாக ஏறுவதால் வரும் வேறுபாடு இது. நடைமுறையில் பிடிக்கும் நடுவழி, தங்க நானோ துகள்களைப் பாலிமர் மணிக்குள் அடைப்பது. 3 மைக்ரோமீட்டர் மணியில் பருமனில் 5 சதவீதம் தங்கம் இருந்தால், மணியின் அடர்த்தி 2 அளவில் நிற்கும், மூழ்கும் வேகம் வினாடிக்கு 5 மைக்ரோமீட்டர், நடுவில் மறைக்கும் ஒளி 4.7 சதவீதம். படத்தில் நான்கைந்து பிக்சல் அகலத்தில் விழும். வேகம் கணிக்கும் மென்பொருளுக்கும் அந்த அளவு ஒத்துவரும். வெள்ளி பூசிய உள்ளீடற்ற கண்ணாடி மணிகளும் கிடைக்கின்றன. 10 மைக்ரோமீட்டர் மணியின் அடர்த்தி 1.4 என்றால் அது வினாடிக்கு 22 மைக்ரோமீட்டர் மூழ்கும். அகன்ற குழாய்க்குப் பரவாயில்லை, பூச்சியின் உறிஞ்சுகுழலுக்குப் பெரிது.

தங்கக் கூழ்மத்தைத் தயாரிப்பது பழைய வித்தை. 200 மில்லிலிட்டர் தண்ணீரில் 0.25 மில்லிமோலார் அளவுக்குக் குளோரோஆரிக் அமிலத்தைக் கரைத்து, கொதிக்கவிட்டு, வேகமாகக் கலக்கிக்கொண்டே ஒரு சதவீத டிரைசோடியம் சிட்ரேட் கரைசலை ஒரே ஊற்றாக ஊற்ற வேண்டும். 4 மில்லிலிட்டர் ஊற்றினால் துகள் 16 நானோமீட்டர் அளவில் வரும், 3 மில்லிலிட்டர் என்றால் 25 அளவில் வரும். சிட்ரேட் குறையக் குறையத் துகள் பெருக்கும். பாத்திரம் ராஜதிராவகத்தில் கழுவியதாக இருக்க வேண்டும். முந்தைய தயாரிப்பின் உலோகக் கறை சுவரில் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு கோணல்மாணலான துகள்கள் வளரும். இளமஞ்சள் வெளிறி நிறமற்றுப்போகும், பிறகு சாம்பல் கலந்த நீலம் ஓடும், சில நிமிடங்களில் ஒயின் சிவப்பு நின்றுவிடும். அந்தச் சிவப்புதான் இனி எல்லாவற்றுக்கும் சாட்சி. நிறமாலைமானியில் உச்சி 520 நானோமீட்டர் பக்கம் இருந்தால் துகள்கள் தனித்தனியாக இருக்கின்றன. ஊதாவாக மாறினால் கூடத் தொடங்கிவிட்டன. நீலம் கலந்த சாம்பல் என்றால் அந்தத் தயாரிப்பைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

சிட்ரேட் மட்டும் பூசிய துகள் உப்பைத் தாங்காது. பூச்சி ரத்தத்திலோ உப்புநீரிலோ விட்ட மறுகணம் திரண்டுவிடும். அதற்காக முனையில் கந்தகமுள்ள பாலிஎத்திலீன் கிளைகாலை, 5,000 மூலக்கூறு எடையுள்ளதை, தாராளமாகச் சேர்த்து இரவு முழுக்கக் கலக்கிவிட வேண்டும். சோதிப்பது எளிது: ஒரு சிறு குழாயில் கொஞ்சம் எடுத்து, 10 சதவீத உப்புக் கரைசலை ஒரு சொட்டு விடுங்கள். சிவப்பு அப்படியே இருந்தால் பூச்சு பிடித்திருக்கிறது. இந்தச் சோதனையைச் செறிவாக்குவதற்கு முன்பே செய்ய வேண்டும். பூச்சு பிடிக்காத துகளைச் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றினால் அடியில் கறுத்த படலமாக ஒட்டிக்கொள்ளும், எவ்வளவு ஆட்டினாலும் மீண்டும் கரையாது.

செறிவாக்குவது ஏன்? 0.25 மில்லிமோலார் என்பது மில்லிலிட்டருக்கு 0.05 மில்லிகிராம் தங்கம். 50 மைக்ரோமீட்டர் அகலக் குழாயில் மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் இருந்தாலே 15 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் 0.8 சதவீத மாறுபாடுதான் கிடைக்கும், இரைச்சலில் கரைந்துபோகும். 100 மில்லிகிராம் என்றால் 8 சதவீதம், அது தெரியும். ஆக, தயாரித்த 200 மில்லிலிட்டரும் சுழன்று சுழன்று கடைசியில் 100 மைக்ரோலிட்டராக ஒடுங்க வேண்டும். 15,000 ஜி விசையில் 45 நிமிடம், மேலே தெளிந்ததைப் பைப்பெட்டால் எடுத்துவிட்டு மறுபடி நிரப்பு, மறுபடி சுழற்று. எடுத்த தெளிவில் சிவப்பு இருந்தால் தங்கத்தை வீணாக்குகிறீர்கள், நேரத்தைக் கூட்டுங்கள். முடிவில் கிடைப்பது மையைப்போல் கறுப்பாகத் தெரியும். வெள்ளைத் தாளில் சிறிது தொட்டு இழுத்துப் பாருங்கள், மெலிந்த ஓரத்தில் சிவப்பு தெரிய வேண்டும். அது தண்ணீரைவிடக் கிட்டத்தட்ட பத்து சதவீதம் கனமான திரவம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

செடிக்கு வருவோம். சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும் கங்கோங் கீரை கைக்குக் கிடைப்பதால் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் அதன் தண்டு நடுவில் உள்ளீடற்றது. அந்தக் காற்றுக்கும் சதைக்கும் இடையிலான விளிம்பு, கட்ட வேறுபாட்டால் (இரண்டையும் கடக்கும் கதிரலைகள் ஒன்றுக்கொன்று முன்பின் ஆவதால்) படத்தில் பளிச்சென்று அடித்து, பக்கத்தில் இருக்கும் மெல்லிய சைலக் குழாய்களை, அதாவது நீரை மேலே ஏற்றும் குழாய்களை, மூழ்கடித்துவிடும். சதைப்பற்றுள்ள, உள்ளே நிறைந்த, இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகாத தண்டு வேண்டும். காசித்தும்பை நாற்று நல்ல தேர்வு.

வேரில் ஊற்றினால் தங்கம் ஏறாது. வேரின் உள்தோலில் உள்ள காஸ்பாரிப் பட்டை என்னும் நீர்புகா வளையம், உயிரணுக்களின் சுவர் வழியாகப் போகும் பாதையை அடைத்துவிடுகிறது. ஆகவே தண்டை வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டுவது தண்ணீருக்குள், புது சவர பிளேடால், ஒரே இழுப்பில். சைலத்துக்குள் நீர் இழுவிசையில் இருக்கிறது. காற்றில் வெட்டினால் காற்று உறிஞ்சப்பட்டு குழாய் அடைபடும். முதலில் வெளியே வெட்டிவிட்டு, பிறகு தண்ணீருக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே மறுபடி வெட்டினாலும் குழாய் நீளமான இனங்களில் காற்று அதற்கும் மேலே போயிருக்கும். வெட்டிய தண்டில் வேர் அழுத்தம் கிடையாது, இலையின் இழுப்பு மட்டும்தான். அளப்பது அந்த ஓட்டத்தைத்தான் என்று எழுதும்போது சொல்லிவிட வேண்டும்.

சிங்கப்பூருக்கே உரிய ஒரு சங்கதி ஈரப்பதம். வெளியே 80 சதவீதத்தைத் தாண்டிய காற்றில் இலை மிக மெதுவாகத்தான் நீரை ஆவியாக்கும். குளிரூட்டிய ஆய்வகத்தில் காற்று வறண்டிருக்கும், ஆனால் வெளிச்சம் போதாமல் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். அதனால் இலைக்கு ஒரு எல்இடி விளக்கும் சிறு விசிறியும் வைத்து அரை மணி நேரம் பழக்கிவிட்டுத்தான் டிரேசரை வைக்க வேண்டும். தூங்குமூஞ்சி மரத்தின் கிளையை எடுத்தவர்கள் மாலைக்குள் வேலையை முடித்தாக வேண்டும். இலை மடிந்தபின் கிடைக்கும் வேகத்தைப் பகல் அளவோடு ஒப்பிட முடியாது.

செடியில் மணியை விடக்கூடாது. சைலக் குழாய்கள் ஒன்றோடொன்று குழிச்சவ்வு என்னும் சல்லடை போன்ற மெல்லிய சவ்வு வழியாகப் பேசிக்கொள்கின்றன. அந்தச் சவ்வின் துளைகள் சில நானோமீட்டரிலிருந்து சில பத்து நானோமீட்டர்வரை. 3 மைக்ரோமீட்டர் மணி வெட்டுப்பட்ட குழாயின் முடிவுவரை போய் அங்கே குவியும், படத்தில் "ஓட்டம் நின்றது" போலத் தோன்றும். நின்றது மணி, நீர் போய்க்கொண்டுதான் இருக்கிறது. 20 நானோமீட்டர் துகளுக்கும் ஆபத்து உண்டு. பூச்சோடு சேர்த்தால் அதன் அளவு கிட்டத்தட்ட இரட்டிப்பாகி 40ஐ எட்டிவிடும், அதனால் அதுவும் சவ்வில் மாட்டும். இதற்காகவே செடிக்கு 5 நானோமீட்டர் துகளை நாடுவதுண்டு.

செடியில் அளப்பது கரைசலின் முனை நகரும் வேகம். இங்கே பலர் கவனிக்காத இரட்டிப்புப் பிழை ஒன்று ஒளிந்திருக்கிறது. குழாயில் சீராக ஓடும் நீர் நடுவில் சராசரியைப்போல் இரண்டு மடங்கு வேகமாகப் போகும். சாயம் போன்ற சிறு மூலக்கூறு பக்கவாட்டில் சட்டென்று பரவி அந்த வேறுபாட்டைச் சமன் செய்துவிடும். 40 நானோமீட்டர் துகளின் பரவல் கெழு வினாடிக்கு 12 சதுர மைக்ரோமீட்டர் அளவுதான். 25 மைக்ரோமீட்டர் ஆரத்தைக் கடக்க 50 வினாடி வேண்டும். நீர் வினாடிக்கு அரை மில்லிமீட்டர் போனால் அதற்குள் 25 மில்லிமீட்டர் கடந்திருக்கும். ஆகவே வெட்டிலிருந்து சில மில்லிமீட்டர் மேலே படமெடுத்தால் முனை காட்டுவது நடு வேகம், சராசரியின் இரட்டிப்பு. பல சென்டிமீட்டர் மேலே எடுத்தால்தான் சராசரியை நெருங்கும். வெட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் அளந்தோம் என்று எழுதாத அளவுக்கு மதிப்பே இல்லை.

பூச்சிக்கு மணிகள் ஒத்துவரும். வெட்டுக்கிளியின் வயிற்று வளையங்களுக்கிடையே உள்ள மென்சவ்வில், இழுத்துக் கூராக்கிய கண்ணாடி ஊசியால், பூச்சிக்கான உப்புநீரில் கலந்த ஒன்றிரண்டு மைக்ரோலிட்டர் போதும். அதற்கு மேல் ஏற்றினால் உடலழுத்தம் கூடி இதயக்குழலின் துடிப்பே மாறும். ஊசி போட்ட பிறகு காத்திருக்கவும் கூடாது. பூச்சியின் ரத்த அணுக்கள் அந்நியத் துகளை விழுங்கும், சுற்றி முடிச்சுக் கட்டும். அணுவுக்குள் போய்விட்ட தங்கம் அணுவின் நடமாட்டத்தைக் காட்டுமே தவிர ரத்தத்தின் ஓட்டத்தைக் காட்டாது. உணவு உறிஞ்சுவதைப் பார்ப்பது இதைவிட எளிது, 20 முதல் 30 சதவீதச் சர்க்கரைக் கரைசலில் மணிகளைக் கலந்து குடிக்கவிட்டால் போதும். கொசுவின் தலையில் உள்ள இரண்டு பம்புகள் மாறி மாறி இயங்குவதைச் சின்க்ரோட்ரான் படங்கள் காட்டியிருக்கின்றன. சிங்கப்பூரில் ஏடிஸ் கொசுவை ஆய்வுக்கு வளர்க்கத் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அனுமதி வேண்டும், எக்ஸ்ரே கருவிக்கும் அதே வாரியத்தின் உரிமம் வேண்டும். இரண்டுக்கும் விண்ணப்பத்தை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும்.

கதிர் எங்கே கிடைக்கும்? கென்ட் ரிட்ஜில், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வளாகத்திலேயே ஒரு சின்க்ரோட்ரான் இருக்கிறது. 700 மெகா எலக்ட்ரான் வோல்ட், 4.5 டெஸ்லா மீக்கடத்திக் காந்தங்கள், அடக்கமான வளையம். அந்த அளவுகளைப் பெருக்கிப் பார்த்தால் அதன் திருப்பு ஆற்றல், அதாவது வெளிவரும் கதிரின் திறனைச் சரிபாதியாகப் பிரிக்கும் ஆற்றல், 1.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக வரும். நமக்கு வேண்டிய 15 அதைப்போல் பத்து மடங்கு. அங்கே ஒளி சரசரவென்று சரிந்துவிட்டிருக்கும். வேகமான படம் எடுக்க ஜப்பானின் ஸ்பிரிங்-8, கொரியாவின் போஹாங், மெல்பர்னின் ஆஸ்திரேலியச் சின்க்ரோட்ரான், தைவானின் சின்ச்சு என்று வெளியே போக வேண்டியிருக்கிறது. இந்த முறையை எக்ஸ்ரே துகள் பட வேகமானியாக 2003இல் முன்வைத்ததும், இதற்காகவே வடிவமைத்த தங்க நானோ துகளை 2010இல் வெளியிட்டதும் போஹாங்கில் லீ சாங் ஜூனின் குழுதான். மெதுவான செடி ஓட்டத்துக்கு உள்ளூரில் உள்ள மைக்ரோஃபோகஸ் எக்ஸ்ரே குழாயே (மிகச் சிறு புள்ளியிலிருந்து கதிர்விடும் ஆய்வகக் கருவி) போதும். ஒரு வினாடி ஒளிபடவிட்டாலும் முனை நகர்வதைப் பிடிக்கலாம்.

கதிரின் விலையை மாதிரி கொடுக்கிறது. 0.65 மைக்ரோமீட்டர் பிக்சலுக்கு 1,000 ஃபோட்டான் கணக்கில் வர, எக்ஸ்ரேயைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றும் சிண்டிலேட்டரும் லென்ஸும் சேர்ந்து பத்தில் ஒரு பங்கைத்தான் பிடிக்கின்றன என்று வைத்தால், ஒரு ஃப்ரேமுக்கு மாதிரி வாங்கும் கதிரளவு 8 கிரே (உறிஞ்சிய கதிருக்கான அலகு). மனித உடல் முழுவதும் 4, 5 கிரே வாங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆயிரம் ஃப்ரேமில் அந்தச் சிறு இடம் 8,000 கிரே வாங்கியிருக்கும். தங்கத்தின் அருகே இன்னும் கூடுதல், தங்கத்திலிருந்து தெறிக்கும் எலக்ட்ரான்கள் பக்கத்திலேயே ஆற்றலைக் கொட்டிவிடும். கதிர் நீரைச் சிதைத்துக் குமிழி உண்டாக்கும். இழுவிசையில் இருக்கும் சைலத்தில் ஒரு குமிழி போதும், குழாய் அடைபட்டுவிடும். வேகமான ஷட்டரை கேமராவோடு இணைத்து, படம் எடுக்கும் மில்லிவினாடிகளில் மட்டும் கதிரைத் திறக்க வேண்டும். இடத்தைத் தேடுவதும் ஃபோகஸ் செய்வதும் வேறொரு மாதிரியில். முதல் 100 ஃப்ரேமின் வேகத்தையும் கடைசி 100 ஃப்ரேமின் வேகத்தையும் தனித்தனியே கணக்கிட்டுப் பாருங்கள். படிப்படியாகக் குறைந்தால் கதிர் வேலையைக் காட்டிவிட்டது.

மென்பொருள் படத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, அடுத்தடுத்த ஃப்ரேம்களை ஒப்பிட்டு, ஒவ்வொரு சதுரத்தின் நகர்வையும் ஓர் அம்பாகக் காட்டும். இப்படிக் கணக்கிடும்போது வரும் முதல் தொல்லை, எல்லா அம்புகளும் பூஜ்யத்தைக் காட்டுவது. அசையாத தண்டுச் சுவர் துகள்களைவிடப் பளிச்சென்று இருப்பதால் ஒப்பீடு சுவரையே பிடித்துக்கொள்கிறது. எல்லா ஃப்ரேமின் சராசரியையும் ஒவ்வொன்றிலிருந்தும் கழித்தால் தீரும். ஆனால் தண்டு காய்ந்து இரண்டு பிக்சல் நகர்ந்தாலும் சுவர் திரும்ப வந்துவிடும். தண்டை ஈரப்பஞ்சாலும் கேப்டன் என்னும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தாலும் சுற்றி அணைத்து வையுங்கள். தடித்த கண்ணாடி வேண்டாம், அது கதிரைத் தின்னும். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் நகர்வு, ஒப்பிடும் சதுரத்தின் கால் பங்கைத் தாண்டக்கூடாது. 64 பிக்சல் சதுரத்துக்கு 16 பிக்சல், அதாவது 10 மைக்ரோமீட்டர். வினாடிக்கு 100 ஃப்ரேம் என்றால் ஒரு மில்லிமீட்டர் வேகம்வரை அளக்கலாம். இணையாக வரும் கதிர், குழாயின் முன்சுவர் முதல் பின்சுவர்வரை எல்லா ஆழத்தையும் ஒரே தாளில் அடுக்குவதால், ஒரு சதுரத்துக்குள் நடுத் துகளும் ஓரத் துகளும் கலந்தே இருக்கும். ஒப்பீட்டில் கிடைக்கும் உச்சி (எந்த நகர்வில் இரண்டு ஃப்ரேம்களும் மிக அதிகம் பொருந்துகின்றனவோ அது) சராசரியும் இல்லை, உச்ச வேகமும் இல்லை. மோனாஷ் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரியாஸ் ஃபூராஸும் குழுவினரும் 2007இல் அந்தக் கலங்கிய உச்சியின் வடிவத்திலிருந்தே முப்பரிமாண ஓட்டத்தைப் பிரித்தெடுத்தது இந்தச் சிக்கலுக்கான பெரிய விடை.

உயிருள்ள எதையும் கதிரில் வைப்பதற்கு முன், தெரிந்த ஓட்டத்தில் டிரேசரைச் சோதிக்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அரை மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள பாலிஇமைடு குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, சிரிஞ்சு பம்பில் நிமிடத்துக்கு ஒரு மைக்ரோலிட்டர் வையுங்கள். சராசரி வேகம் வினாடிக்கு 85 மைக்ரோமீட்டர், நடுவில் 170. முதலில் மேல்நோக்கி ஓடவிட்டுப் பத்து நிமிடம், பிறகு குழாயை மாற்றிக் கீழ்நோக்கிப் பத்து நிமிடம். நடுக்கோட்டில் துகளின் வேகம் இரண்டு முறையும் 170ஆக வந்தால் டிரேசர் நீரோடு போகிறது. மேலே போகும்போது 148, கீழே வரும்போது 192 என்று வந்தால், வித்தியாசத்தில் பாதி 22. அந்த மணி அவ்வளவு வேகத்தில் மூழ்குகிறது. இதே மணியை வெட்டுக்கிளிக்குள் விட்டால் எல்லா எண்ணிலும் அந்த 22 கலந்திருக்கும். பம்பை நிறுத்திவிட்டும் ஒரு நிமிடம் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டமே இல்லாதபோது உங்கள் கணிப்பு என்ன வேகம் காட்டுகிறதோ, அதற்குக் கீழே செடியிலோ பூச்சியிலோ எதையும் அளந்ததாகச் சொல்ல முடியாது.